எங்கள் சுவரில் மச்சான் பெயர்

3.9.2006
டீக்கடையில் பேப்பரை நானே படித்தேன். அறுபத்தாறு வயதில், விரல் வைத்து, எழுத்து எழுத்தாக! ஆனால் படித்த செய்தி? இனிமேல் பேரூராட்சித் தலைவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாதாம். கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்களாம். எனக்குப் படிக்க வந்த வருடம் பார்த்தா அந்த ஓட்டுச் சீட்டைப் பிடுங்க வேண்டும்?

கான்ட்ராக்டர் உத்திராபதிக்குத்தான் கொண்டாட்டம். மீன் கடைகளைக் காலி செய்துவிட்டு அங்கே காம்ப்ளக்ஸ் கட்ட வேண்டும் அவனுக்கு. ஊர் ஓட்டுப் போட்டால் டெபாசிட் தேறாது. இப்போது பதினைந்து கவுன்சிலரில் எட்டுப் பேர் ஓட்டுப் போதும். என் மனைவி சகாயம் கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் மீன் விற்கிறாள்.

24.9.2006
சகாயத்தின் தம்பி சந்தியாகு எங்கள் வார்டில் நிற்கிறான். "அக்கா கூடையத் தூக்கிக்கிட்டு எங்க போவும் மாமா? வுடமாட்டேன்" என்றான்.

காவி கரைத்து எங்கள் வீட்டுச் சுவரில் எழுதினேன்: "மீன் கடை சந்தையிலேயே இருக்கும் – சந்தியாகு." அரை நாள் ஆனது. வரி கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. இருக்கட்டும். போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். என் எழுத்தை!

19.10.2006
மச்சான் ஜெயித்துவிட்டான். உத்திராபதியும் அவன் வார்டில் கவுன்சிலர் ஆகிவிட்டான்.

25.10.2006
ஏழு கவுன்சிலர்களை உத்திராபதி வேனில் ஏற்றிச் சிதம்பரம் லாட்ஜில் வைத்திருக்கிறான். அவனோடு சேர்த்து எட்டு. மச்சானும் அங்கே. போன் செய்தேன். "கோயில் பாக்க வந்தோம் மாமா" என்கிறான்.

"ஞாயித்துக்கெழம பூசைக்கே வராதவன்டா நீ!"

28.10.2006
உத்திராபதி தலைவன். எட்டுக்கு ஏழு.

மச்சான் வந்தான். "சட்டமே அப்படித்தான் மாமா. அந்த எழுத்த அழிச்சிடுங்க."

சட்டமா உன்னை வேனில் ஏறச் சொன்னது? அழிக்க மாட்டேன், போடா.

23.12.2007
கிறிஸ்துமசுக்கு வெள்ளை அடித்தேன். எழுத்தைச் சுற்றி மட்டும்.

சந்தையில் காம்ப்ளக்ஸ் எழும்பிவிட்டது. சகாயம் கடலூர் ரோட்டோரத்தில் பஸ் புழுதியில் உட்கார்ந்து விற்கிறாள். ஆனாலும், "எந்தம்பி பேர நாறடிக்கிறீங்க" என்று திட்டு எனக்குத்தான்.

18.9.2011
சட்டத்தை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். தலைவரை இனி நாங்களே தேர்ந்தெடுக்கலாம்! நிற்பது யார்? மச்சான்! சுண்ணாம்பு வாளியோடு வந்து நிற்கிறான்.

"குடும்ப மானம் மாமா."

"ஊரு படிக்கட்டும்டா" என்றேன்.

22.10.2011
தலைவர் சீட்டில் எல்லாப் பெயரையும் படித்துவிட்டுத்தான் குத்தினேன். பின்னால் நின்றவன், "பெருசு, அங்க என்ன பரீட்சையா எழுதுற?" என்றான். எழுதினாலும் எழுதுவேன்.

நேற்று எண்ணினார்கள். மச்சான் தோற்றான்.

இன்று சகாயம் தானே சுண்ணாம்பு கரைத்துக் கொண்டுவந்தாள். தம்பியாயிற்றே. அவன் பெயரை அழித்தேன். மீதி வரியிலும் மட்டையை வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத வுடுங்க."

புதுத் தலைவர் ஆபீசுக்கு இந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.