நீ மூச்சு வாங்கிய இடம்

என் செல்ல பியூலா,

உன் சோலோவை இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கேரல் ஆராதனை. நீ இல்லாத முதல் கிறிஸ்மஸ். "தங்கச்சி பாட்ட அக்காதான் பாடணும்" என்று கொயரில் எல்லோரும் சொன்னபோது தலையாட்டிவிட்டேன். அன்றைக்கே மாட்டேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

முதல் நாள் ஒரு வரிகூடப் பாட முடியவில்லை. அழுகைதான் வந்தது. போன கிறிஸ்மஸுக்கு நீ பாடி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அதைப் போட்டுக் கேட்டுத்தான் பழகுகிறேன். பழகப் பழக அழுகை நின்றது, நல்லதுதான் என்று நினைத்தேன். பிறகு எதுவுமே வரவில்லையடி. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பிசகில்லாமல் பாடுகிறேன், மனசோ தண்ணி லாரி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. உன் அத்தான் வேறு, "இன்னும் ரெண்டு நாள் விட்டா நம்ம குக்கரே இந்தப் பாட்டுக்கு விசில் அடிக்கும்" என்கிறார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாட்டுதான் மரத்துப்போனதா, இல்லை, நீ இல்லாததே எனக்குப் பழகிவிட்டதா? ஒரு வருடம்கூட ஆகவில்லையே! தாம்பரம் ட்ராஃபிக்கில் ஆட்டோவில் உட்கார்ந்தும் இதே யோசனை. யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று பயிற்சியில், நம் கொயர் மாஸ்டர் ஜெபராஜ் அண்ணா பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"சிஸ்டர், 'சமாதானம்' ஒரே வார்த்ததானே? ஏன் 'சமா'ன்னு பாடிட்டு, மூச்சு எடுத்துட்டு, அப்புறம் 'தானம்'னு பாடுறீங்க? உங்களுக்குத்தான் அவ்ளோ மூச்சு இருக்கே!"

நான் அங்கே மூச்சு எடுக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அது உன் மூச்சு, பியூலா. அந்த வாட்ஸ்அப் பாட்டு, செம்பாக்கத்து வீட்டு மாடிப்படியை நீ நின்று நின்று ஏறிக்கொண்டிருந்த நாட்களில் பாடி அனுப்பியது. உனக்கு முடியாமல் போன இடத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டேன். மேல் ஸ்தாயி பாடும் சோப்ரானோ பெண்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்கள்.

இப்போது அடுத்த பேஜார். அண்ணா சொன்னபடி அங்கே மூச்சு எடுக்காமல் பழகுகிறேன். அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் அழுகை எட்டிப் பார்க்கிறது. அழுகை வரவில்லையே என்று பயந்தவள், சபை நடுவே வந்து தொலையுமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன். உன் அக்காவை என்னதான் செய்வது, சொல்லேன்? நீ இருந்திருந்தால், "ஓவரா பண்ணாதக்கா, பேசாம பாடு" என்றிருப்பாய்.

சரி, பாடுகிறேன். குரல் உடைந்தால் உடையட்டும், அந்த வார்த்தையை மட்டும் உடைக்க மாட்டேன். உனக்குப் பற்றாமல் போன மூச்சையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்டு, 'சமாதானம்' என்று முழுசாகப் பாடி முடிப்பேன்.

கொயரில் உன் இடத்தை இன்னும் யாருக்கும் விடாமல்
பக்கத்திலேயே நிற்கும்
உன் அக்கா