ஒப்பிடப் போன அப்பா

அன்பு மகள் சிக்னேவுக்கு,

இங்கே ட்ரான்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில், மூளை ஸ்கேனைப் பார்த்து ஆட்டிசத்தைக் கண்டறியக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஆட்டிசம் இல்லாதவர்களும் வேண்டுமாம். உன்னைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உதவுமே என்று நானும் போய் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்தேன்.

போன மாதம், ஆய்வை நடத்தும் இங்குன் என்ற பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். "எத்தனை தடவை பார்த்தாலும் கம்ப்யூட்டர் உங்களை ஆட்டிசம் இருக்கிறவங்க பக்கமே சேர்க்குது. அது தப்பாவும் இருக்கலாம். எதுக்கும் டாக்டரைப் பாருங்க."

பார்த்தேன். டாக்டர் வெகுநேரம் பேசிவிட்டு, ஆமாம் என்றார். இந்த ஐம்பத்தெட்டு வயதில்.

உன் அம்மா சிரித்த சிரிப்பில் காபி சிந்திவிட்டது. "இதுக்கா அவ்ளோ பெரிய மெஷினு? என்னைக் கேட்டிருந்தா கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருப்பேனே."

மற்ற அப்பாக்கள் மகள்களோடு ஓயாமல் பேசுவதைப் பார்த்து, எனக்குத்தான் அப்பாவாக இருக்கத் தெரியவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஆனால் உறைந்த ஏரியில் துளை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை இல்லாமல் நாள் முழுக்க மீன் பிடித்தோமே. நம் இருவருக்கும் அதைவிடப் பிடித்தது வேறு எது?

ஈஸ்டருக்கு வருகிறேன். பேச வேண்டியதில்லை.

உன்னைப் போலவே இருக்கும்
அப்பா