என் தோளில் விழுந்த பொன்னாடை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெனிபருக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். லடாக் குளிரில் உன் மூச்சும் கைகால்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். எதுவும் விட்டுப்போகாமலிருக்க வரிசைப்படுத்திக்கொண்டேன்:

1. வீட்டு நலம்.
2. ராணுவப் பணி நீட்டிப்புப் படிவத்தில் நீ ஏன் கையெழுத்திடக் கூடாது.
3. திருவள்ளூர் விழாவில் நடந்தது.

முதலாவது, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உனக்குக் கம்பளிக் காலுறையும் இஞ்சி மரப்பாவும் பார்சல் அனுப்பியிருக்கிறாள். மாடியில் துணி காயப்போட்டால் சிப்காட் ஆலைகளின் கரி படிகிறது, அது எப்போதும் உள்ளதுதான். புதியது என்னவென்றால் ஐந்து நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேளைக்கு வருகிறது, பேச்சு வருவதில்லை.

இரண்டாவது, இதை நான் திங்கட்கிழமையே எழுதி, லேபில் ரிப்போர்ட் பார்ப்பதுபோல் மூன்று முறை சரிபார்த்து வைத்திருந்தேன். அம்மா, "யோசிக்கிறதுக்கு இன்னா இருக்குது, போடச் சொல்லு" என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டாளத்தில் உழைத்த பெண்ணை ஊர் மதிப்பதில்லை. உன் அம்மா ராணுவ மருத்துவமனைகளில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்து கேப்டனாக வெளியே வந்தவள். இந்தத் தெருவில் முப்பது வருடமாக அவளுக்குப் பெயர் "எட்வர்ட் சார் ஊட்டம்மா". பிரஷர் பார்க்கவும் ஊசி போடவும் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். நீயும் திரும்பி வந்து இதைத்தானே காண வேண்டும்?

மூன்றாவது. செவ்வாயன்று திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செய்தார்கள். அழைப்பு அம்மாவுக்கு, என் பெயரோடு சேர்ந்த அவள் பெயர் "கேப்டன் ஜே. எட்வர்ட்" என்று அதில் இருந்தது. அவளுடைய சர்வீஸ் காகிதங்களின் ஃபைல் வழக்கம்போல் என் கையில். வாசலிலேயே விழாக்காரர் மோகன்ராஜ் என் கையைப் பிடித்து, "வாங்க கேப்டன் சார், மேடைக்கு வாங்க. நீங்க லேடீஸ் சைடுல ஒக்காருங்கம்மா" என்றார். அம்மா என் முகத்தையே பார்த்து நின்றாள். கேப்டன் இவள்தான் என்று நான் சொல்வேன் எனக் காத்திருந்தாள், அது எனக்குத் தெரியும். நான் மேடைக்குப் போய்விட்டேன். "கேப்டன் ஜே. எட்வர்ட்" என்று வாசித்துப் பொன்னாடை போர்த்தினார்கள், படமெடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் அவளும் கைதட்டினாள். திரும்பும் பஸ்ஸில், "இன்னா கேப்டன், போர்த்திக்கினே வர்றீங்க, ரொம்ப குளுருதா?" என்றாள். பின்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை. மோகன்ராஜுக்கு உண்மையை எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்ததாக அவளிடம் சொன்னேன். பதில், சுவரைப் பார்த்து: "மைக்கு உங்க கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு."

வெந்நீர் குடி, காதை மூடாமல் வெளியே போகாதே. படிவத்துக்குக் கடைசி நாள் முப்பதாம் தேதி, மறந்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

மேலே இரண்டாவதாக எழுதியதை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை, நீ படிக்க வேண்டும். ஊர் மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். ஊருக்கு யாரும் சொல்லவில்லை, ஜெனிபர். சொல்ல வேண்டியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு முப்பது வருடம் வாயை மூடியிருந்தான். நான் இரண்டாவதாக எழுதியது தவறு.

உன் அப்பா,
எட்வர்ட்