கமலத்தின் வலது கால்

திங்கள். விடாத தூறல்.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, பேத்தி சொல்லிக்கொடுத்தது. வேறு யாரிடம் சொல்ல.

என் வீட்டுக்காரி கமலத்தை நேற்று தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தோம். நேராக ஐ.சி.யு. நுரையீரலில் சளி, தொண்டையில் குழாய். நான் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். கட்டி கிளம்பி நுரையீரலை அடைத்தால் ஆள் பிழைக்காது. அது வராமலிருக்க வயிற்றில் தினம் ஊசி.

சேர்க்கும்போது நர்ஸ் கேட்டது, "கால்ல பழைய வீக்கம் ஏதாவது?" மகள் செல்வி பட்டென்று, "அதெல்லாம் இல்லைங்க."

நானும் வாயைத் திறக்கவில்லை. கமலத்துக்கு வலது கால் யானைக்கால். ரொம்பப் பெரிதில்லை, முழங்காலுக்குக் கீழே தடிப்பு. கல்யாணம், காட்சி எதிலும் சேலையைத் தரையில் புரளவிட்டே நடப்பாள். பேத்திக்கு, செல்வி மகளுக்கு, திருவாரூரில் மாப்பிள்ளை பேச்சு நடக்கிறது. கொசுவால் வருவது, பரம்பரை இல்லை. யார் நம்புவார்கள்.

செவ்வாய். கனமழை.

வாங்க வேண்டியது: டயப்பர், துண்டு, செல்விக்கு இட்லி.

காலையில், கஞ்சி இறக்க மூக்கில் போட்ட குழாயில் ரத்தம். வயிற்றுப் புண் கசிகிறதாம். ஊசி நிறுத்தம். அதற்குப் பதிலாகக் காலில் காற்றுப் பை. பிரஷர் பார்க்கிற பட்டை மாதிரி, ஊதி ஊதி அமுக்கும். நர்ஸ் போர்வையை விலக்கியது. இடது காலுக்குச் சரி. வலது காலுக்குப் பை சேரவில்லை.

"தாத்தா, வீக்கம் இல்லைன்னுதானே சொன்னீங்க?"

செல்வி முந்திக்கொண்டாள். "நேத்து இல்லைங்க சிஸ்டர்."

புது வீக்கம், ரத்தக் கட்டியாக இருக்கும் என்று சந்தேகம். கட்டி உள்ள காலை அமுக்கினால் கிளம்பிவிடும். இரண்டு பையும் கழற்றியாயிற்று. இப்போது ஊசியும் இல்லை, பையும் இல்லை. சும்மா கிடக்கிறாள்.

ஊரிலிருந்து தம்பி மகன் போன். "பெரியப்பா, வடிகால் அடைச்சுக்கிச்சு. சம்பா நட்டது பூரா முழுகிக் கெடக்கு." வடிகாலில் மண்டிக் கிடக்கிற வெங்காயத்தாமரையை இழுத்துப் போடச் சொன்னேன்.

புதன். மழை விட்டது.

ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் காலில் தெளிவாகத் தெரியவில்லையாம். வெளியே வந்து டாக்டரம்மா சொன்னது: "கட்டின்னு வச்சுக்கிட்டா ரத்தம் உறையாம இருக்கிற மருந்தை முழு அளவுல போடணும். வயிறு திரும்பக் கசிஞ்சா உயிருக்கு ஆபத்து. போடாம விட்டாலும் ஆபத்துதான். இன்னிக்கே முடிவு பண்ணணும்."

அந்த நேரம் பார்த்துத் திருவாரூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும், கையில் ஆப்பிள் பை. செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இப்ப வேணாம். அவங்க போகட்டும்."

டாக்டரம்மா திரும்பி நடந்தாயிற்று. கூப்பிட்டேன்.

"டாக்டரம்மா, அந்தக் கால் புதுசு இல்லை. மூத்தவன் வயித்துல இருந்தப்ப வந்தது. காய்ச்சல் வரும், தொடையிடுக்குல நெறி கட்டும். யானைக்கால்."

"இதைச் சொல்ல மூணு நாளா உங்களுக்கு?"

டாக்டரம்மா என்னை உள்ளே கூட்டிப்போய்க் காலைக் காட்டியது. "இவ்வளவு தடிப்பு எப்பவும் உண்டா?" உண்டு. எண்ணெய் தேய்த்துவிடுவது நான்தான். அதே தடிப்பு.

பெரிய டாக்டர் வந்து மறுபடி ஸ்கேன். வெளியே நாற்காலி வரிசையில் நான் ஒரு கோடி, செல்வி ஒரு கோடி. கட்டி இல்லை. மருந்து வேண்டாம். இடதுக்கு அதே பை, வலதுக்குப் பெரிய பை.

நான் சொன்னது திருவாரூர்க்காரர்கள் காதிலும் விழுந்திருந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆப்பிளைக் கொடுத்தார்கள். செல்வி அதைத் தொடவில்லை. என்னோடும் பேச்சில்லை.

வெள்ளி. வெயில்.

வயலில் தண்ணீர் வடிகிறதாம். திருவாரூரிலிருந்து போன் இல்லை. "டீயா காபியா?" செல்வி கேட்டது அவ்வளவுதான்.

மதியம் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கமலம் கண் திறந்து என்னைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள். பேச்சு வரவில்லை. இனிக் காலை ஆட்டினால் ரத்தம் கட்டாது என்று சொல்லிக்கொண்டே, பையைச் சரிசெய்ய நர்ஸ் போர்வையை விலக்கியது. கமலம் இடது பாதத்தால் போர்வையை இழுத்து வலது காலை மூடினாள். நர்ஸ் விலக்கியது. மறுபடி இழுத்தாள்.

"அப்படித்தான் பாட்டி. ஆட்டிக்கிட்டே இருங்க."