விழாவுக்குக் காத்திருக்கும் லைஃப் ஜாக்கெட்டுகள்

நவ. 10, திங்கள்
விடியலிலிருந்து மழை. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்காவது எழுதிவைக்கிறேன்.

வெள்ளப் பணிக்குப் போகும் போலீசாருக்காக எங்கள் அறக்கட்டளை நன்கொடை திரட்டி வாங்கிய லைஃப் ஜாக்கெட்டுகள், கயிறுகள், எல்லாம் அதியமான்கோட்டையில் செயலாளர் வீட்டுக் கார் ஷெட்டில். போன மாதமே வந்தவை. கவர்கூடப் பிரிக்கவில்லை. ஒப்படைப்பு விழா நடக்க வேண்டுமாம். சிறப்பு விருந்தினர் இன்னும் தேதி தரவில்லை. செயலாளர் கல்லூரியில் என்னோடு படித்தவன். எனக்கு வந்திருக்க வேண்டிய பதவி. அதை விடு.

காவலர்களுக்கு ஏரியில் மீட்புப் பயிற்சி கொடுத்தது நான். இரவல் ஜாக்கெட்டுகளை வைத்து. முதல் பாடம்: ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்காதே.

வாங்க வேண்டியவை: கொசுவர்த்தி, பி.பி. மாத்திரை.

நவ. 12, புதன்
இண்டூர்ப் பக்கம் தரைப்பாலத்துக்கு மேல் வெள்ளம். மொபெட்டோடு இழுபட்ட பால்காரரைப் பிடிக்க கான்ஸ்டபிள் கவிதா இறங்கியிருக்கிறாள். என்னிடம் பயிற்சி பெற்றவள். இடுப்பில் யாரோ கொடுத்த மாட்டுக் கயிறு. பால்காரரைக் கரையேற்றிவிட்டாள். கயிறு அறுந்து அவளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. புங்கமரக் கிளை தடுத்ததால் உயிர் இருக்கிறது. தோளில் எலும்பு முறிவு.



நவ. 13, வியாழன்
தருமபுரி ஆஸ்பத்திரி. கவிதா சிரிக்கிறாள். "பால் கேன் போச்சுன்னு அந்த ஆளு என்னையத் திட்டுறாருங்க சார்." பிறகு, மெதுவாக: "ஜாக்கெட்டு வந்துருச்சுன்னாங்களே. எங்கங்க சார் இருக்குது?"

"வரும்மா" என்றேன்.

அவள் கணவர் என்னையே பார்த்தார். "நாளன்னிக்கு மறுபடி பெரிய மழையாமுங்க. அதே பாலத்துக்கு இவ ஸ்டேசன் ஆளுங்கதான் போவாங்க."

நவ. 14, வெள்ளி
காலையில் செயலாளர் வீடு. ஷெட் சாவி கேட்டேன்.

"ஏம்ப்பா, இப்பவே பிரிச்சு சேத்துல போட்டுட்டு வந்துட்டா, மேடையில என்னத்தக் குடுக்கிறது?"

"கவிதா செத்திருப்பா."

"சாவலயில்ல. அந்தப் புள்ளையையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டுருவோம்." காபி வந்தது. தொடவில்லை. "உனக்கு அழைப்பிதழ்ல பேரு இல்லன்னு காண்டு. வூட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பனே."

காண்டுதான். தேதிக்கு இடம் விட்டு அடித்த அழைப்பிதழில் பந்தல்காரன் பெயர்கூட இருக்கிறது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே எரிச்சல். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. நாளை அந்தப் பாலத்தில் நிற்கப்போகிறவர்கள் இடுப்பிலும் மாட்டுக் கயிறுதான்.

கிளம்பும்போது ஷெட் ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்துவந்தேன். கவரோடு அடுக்கிக் கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. நன்கொடை கொடுத்த எல்லோருக்கும் அனுப்ப, புது மெயில் முகவரி ஒன்று. இரண்டே வரி: உங்கள் பணத்தில் வாங்கியவை செயலாளர் வீட்டு ஷெட்டில் பூட்டிக் கிடக்கின்றன. நாளை விடிவதற்குள் இண்டூர்த் தரைப்பாலத்துக்குப் போக வேண்டும்.

கீழே என் பெயரை அடித்தேன், பட்டங்களோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயர் இருந்தால் என் பொறாமையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஷெட்டை யாரும் திறக்கச் சொல்ல மாட்டார்கள்.

அழித்துவிட்டேன். பெயரில்லாமலே அனுப்புகிறேன்.