ஆப்பிள் மரத்து வீட்டுக்குப் பூக் கேட்டது

மான்செஸ்டர்
1.5.1994

அன்புள்ள சாந்தாமணிக்கு,

இன்றைக்குத்தான் இரண்டு ஸ்வெட்டரில் ஒன்றைக் கழற்றினேன். அந்த அளவுக்கு நலம். நீ எப்படி இருக்கிறாய்?

விலைக்கு வீடு ஒன்று பார்த்திருக்கிறேன், அம்மணி. நான் வேலை செய்யும் நூற்பு மிஷின் கம்பெனியிலிருந்து ரயிலில் இருபது நிமிஷம். தெரு முழுக்கச் செங்கல் வீடுகள், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம், அதில் ஓர் ஆப்பிள் மரம். இலையே தெரியாமல் பூத்திருக்கிறது. பார்த்தாயா, அதற்குள் 'நம் வீடு' என்று எழுதிவிட்டேன்.

தெருவில் அரை மணி நேரம் நின்றேன். ஒரே ஒரு பூனை போனது. அவ்வளவு அமைதி. ராத்திரி ஒன்பது மணிவரைக்கும் வெளிச்சம் வேறு.

வீட்டுக்காரி ஹார்ப்பர் அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. மகள் ஊரோடு போய்விடப்போகிறார். "உன் மனைவிக்குப் பிடிக்குமா?" என்றுதான் முதலில் கேட்டார். பிடிக்குமா? இரண்டு வருஷம் தனித்தனியாக இருந்தது போதும். நீ சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவேன்.

உன்,
அரங்கசாமி

சிங்காநல்லூர்
14.5.1994

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சாந்தாமணி எழுதிக்கொள்வது. சுகமாக இருக்கிறேன், வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

ஏனுங்க, ஆப்பிள் மரத்தைப் பற்றி அத்தனை எழுதினீர்களே, வாசல் எந்தத் திசை என்று ஒரு வரி எழுதினீர்களா? ஒரே ஒரு பூனை போனது என்ற வரியை மூன்று தடவை திரும்பப் படித்தேன். இங்கே மில் சங்கு ஊதினால்தான் எனக்குப் பொழுதே விடிகிறது.

இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பூக் கேட்காமல் எப்படி? வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் கட்டி ஆத்தா காலடியில் வைத்தேன். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சிவப்புங்க. ஆத்தா சொன்னதற்குமேல் நாம் என்ன செய்ய முடியும்? மனசை விட்டுவிடாதீர்கள்.

மறந்துவிட்டேன். படிக்கட்டுக்கு அடியில் ஓர் அலமாரி இருக்கிறதே, அதில் என்ன வைத்திருக்கிறார்கள்?

சாந்தாமணி

மான்செஸ்டர்
29.5.1994

அன்புள்ள சாந்தாமணிக்கு,

சிவப்பு என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் உன் கடைசி வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரியைப் பற்றி நான் எழுதவே இல்லையே! நேற்றுப் போய் ஹார்ப்பர் அம்மாளிடம் கேட்டேன். படிக்கட்டுக்கு அடியில் சுவர் என்று நான் நினைத்திருந்த பலகையை இழுத்தார். அலமாரி! உள்ளே ஒரு பழைய தையல் மிஷின். உனக்கு எப்படியடி தெரிந்தது?

வாசல் கிழக்கு. சும்மா சொல்லவில்லை, காம்பஸ் வாங்கிக்கொண்டு போய் வாசற்படியில் வைத்தே பார்த்தேன். எனக்கு வழி தெரியவில்லை என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரர் ரயில் நிலையத்தைக் கைகாட்டினார்.

ஆத்தாளிடம் கிழக்கு வாசல் என்று சொல்லி இன்னொரு முறை கேள், கண்ணு. எனக்காகக் கேள்.

உன்,
அரங்கசாமி

சிங்காநல்லூர்
11.6.1994

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இரண்டாவது தடவையும் சிவப்பு. இத்தோடு முடித்து உறையை ஒட்டத்தான் இருந்தேன். முடியவில்லை.

இரண்டு பொட்டலத்திலும் நான் சிவப்பு அரளியைத்தான் வைத்தேன். போன தடவையும் அப்படித்தான். ஆத்தாளையே ஏமாற்றிப்போட்டேனுங்க.

அந்த வீட்டுக்கு நான் தினமும் போய்வருகிறேன். கண்ணை மூடினால் போதும். பதிமூன்று படி. சமையலறை ஜன்னலில் ஆப்பிள் பூ. படிக்கட்டு அலமாரியைத் திறந்தால் மெழுகு வாசனை. எல்லாம் அவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் நீங்கள் இல்லை. ஒவ்வொரு அறையாகத் தேடுகிறேன், ஏனுங்க ஏனுங்க என்று கூப்பிடுகிறேன், என் குரல்தான் திரும்பி வருகிறது. நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள். தெருவில் பூனைகூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. அதுதான் உண்மை.

நேற்று ஒழுங்காகக் கேட்டேன். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. பூசாரி எடுத்த பொட்டலத்தைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அவர் மடிப்பின் இடுக்கில் குங்குமம் போட்டுக் கொடுத்ததை அப்படியே இதோடு அனுப்புகிறேன். நீங்களே பிரியுங்கள். எது வந்தாலும் சரி, இனி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

சாந்தாமணி

மான்செஸ்டர்
25.6.1994

அன்புள்ள சாந்தாமணிக்கு,

பொட்டலத்தைப் பிரித்தேன். பதினொரு நாள் தபாலில் கசங்கி வந்திருக்கிறது. வெள்ளைப் பூ குங்குமம் பட்டுச் சிவந்ததா, சிவப்புப் பூ வாடிக் கறுத்ததா, தெரியவில்லை. ஹார்ப்பர் அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை அனுப்பியவளைத்தான் கேட்க வேண்டும்" என்றார்.

நீ ஏமாற்றியதைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் வெட்கமாகிவிட்டது. தெருவைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன், திசையைக்கூடப் பார்த்தேன். பகல் பூராவும் நீ அங்கே தனியாக என்ன செய்வாய் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லையே.

நீ வேண்டாம் என்றால் எனக்கும் அந்த வீடு வேண்டாம். டிசம்பரோடு கம்பெனி ஒப்பந்தம் முடிகிறது, அதை நீட்டிக்காமல் ஊருக்கே வந்துவிடுகிறேன். ஹார்ப்பர் அம்மாள் ஜூலை முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இனி ஆத்தாளைக் கேட்காதே. நீ சொல்.

உன்,
அரங்கசாமி

சிங்காநல்லூர்
8.7.1994

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பூசாரி எடுக்காத இன்னொரு பொட்டலம் என்னிடம்தான் இருந்தது. அதில் குங்குமம் கிடையாது, பிரித்திருந்தால் தெரிந்துபோயிருக்கும். மூன்று நாள் பீரோவைத் திறப்பதும் அதைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இன்று காலை சங்கு ஊதியதும் எடுத்துக்கொண்டு போய், பிரிக்காமலே குளத்தில் விட்டுவிட்டு வந்தேன். ஆத்தா கோபிக்க மாட்டாள். இரண்டு தடவை ஏமாற்றினபோதே பொறுத்துக்கொண்டாளே!

நான் வாரேனுங்க. கையெழுத்தைப் போடுங்கள். அவசரப்பட்டுப் பால் மட்டும் காய்ச்சிவிடாதீர்கள், நான் வந்துதான் பொங்கவிடுவேன். அந்தத் தையல் மிஷினை விட்டுவிட்டுப் போகச் சொல்லி அந்தம்மாளிடம் கேளுங்கள். நாலு வீட்டுத் துணி தைத்தால் நாலு பேர் பேச வருவார்கள்.

முதல் ஒரு மாசமாவது மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துபோங்கள். ரயில் நேரம் எல்லாம் எனக்குத் தெரியாது. வரவேண்டும், அவ்வளவுதான்.

நேற்று மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். மாடியில் கடைசி அறை ஒன்றை இத்தனை நாளும் திறக்காமலே விட்டிருக்கிறேன். திறந்தேன். இரண்டு ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தீர்கள். "ஏனுங்க, எந்திரிங்க, சோறு ஆறுது" என்று எழுப்பினேன்.

சாந்தாமணி