சுருதிப்பெட்டிக்குள் அதிமதுரம்

சுருதிப்பெட்டியைத் தேட வேண்டாம். அடுத்த வீட்டு அலமேலு மாமியிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீங்கள் ஒளித்து வைத்திருந்த அதிமதுரப் பொட்டலம் குப்பைக்குப் போயாகிவிட்டது.

போன சனிக்கிழமை பஜனையில் கால் துவண்டு விழுந்த உங்களை நாலு பேர் நாற்காலியில் வைத்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தார்களே, அதற்குள் மறந்துவிட்டதா? டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: "உடம்புக்கு வேண்டிய பொட்டாசியத்தை வச்சுண்டு மிச்சத்தை வெளியே விடறதுதான் கிட்னியோட வேலை. தினமும் அதிமதுரம் மென்னா அந்த வேலை கெட்டுப்போய், கிட்னி வேண்டியதையும் மூத்திரத்துல கொட்டிடும். பொட்டாசியம் கொறைஞ்சுதான் இன்னிக்குக் கால் துவண்டுது. நாளைக்கு இருதயம் நின்னா?" அவர் முன்னால் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும், "தொண்டை கட்டிண்டா எப்படிடீ பாடறது?" என்று என்னிடம் சீறுகிறீர்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாதமும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். வாழைப்பழம் இரண்டும் உங்களுக்குத்தான். மருந்தை ஜன்னல் வழியாகக் கொட்டாமல் குடியுங்கள். பஞ்சாபகேசன் பஜனைக்குக் கூப்பிட வந்தால், வர முடியாதென்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். ஐப்பசியில் உங்களுக்குத் தொண்டை கட்டியபோது, மாதுங்கா மார்க்கெட்டில் முதல் பொட்டலத்தை வாங்கி வந்து கையில் கொடுத்தவள் நான்தான். இந்தக் கோபத்தில் பாதிதான் உங்கள் மேல். மீதியை நான் யாரிடம் காட்டுவது?